பாடமாக்கிய ஊர்

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரசபைக்கு முன்னால் வாளேந்திய ஒருவனின் சிலை நிற்கிறது. அறுநூறு வருடங்களுக்கு முன்னர் ஒரு இரவில் இந்த ஊருக்குள் புகுந்து ஜெர்மன் பிரபு ஒருவனைக் கொன்றவனாம். "வெளிநாட்டுக்காரனைக் குத்தினவனுக்குத்தான் இஞ்ச சிலை வைக்கிறாங்கள். பாத்து நடவுங்கோ அண்ணை" என்று நீக்கிலாஸ் அண்ணைக்கு முதல் நாளே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இதைப் பிள்ளைக்குச் சொல்லவேணும்" என்றார்.

எதைக் கண்டாலும் அவருக்கு அந்த ஒரு பேச்சுத்தான். பிள்ளைக்குச் சொல்லவேணும்.

நீக்கிலாஸ் அண்ணை பேசாலைக்காரர். மன்னாரில் வள்ளத்து எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தவர். ஆமி சுற்றிவளைத்து ஆண்பிள்ளைகளை லொறியில் ஏற்றத் தொடங்கியதும், மனைவி மேரிகிறேஸ் கழுத்துக்கொடியைக் கழற்றிக் கொடுத்து "முதல்ல நீங்கள் தப்புங்கோ, பிறகு எங்களைக் கூப்பிடுங்கோ" என்று அனுப்பிவைத்தாள். மகள் அஜந்தினிக்கு அப்போது ஐந்து வயது. நான் நேசராஜா. ஊர் உடுவில். வேதக்காரன்தான், ஆனால் அவருடைய திருச்சபை வேறு, என்னுடையது வேறு. கலியாணம் கட்டாத கட்டை. ரண்டர்ஸில் ஒரே அடுக்குமாடியில் ஒரே அறைக்குடித்தனம், ஒரே இறைச்சித் தொழிற்சாலையில் ஒரே மேசையில் பன்றியின் தோள் எலும்பை எடுக்கிற வேலை. அவருக்குப் பொறுமை அதிகம், எனக்கு வாய் அதிகம். அதனால்தான் ஒத்துப்போனது.

அகதி என்று ஏற்றுக்கொண்ட கையோடு குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பித்தார். டென்மார்க்கில் அதற்குச் சட்டம் இருந்தது. அகதிக்கு மனைவி பிள்ளைகளை எடுக்கிற உரிமை உண்டு. கொம்யூன் என்கிற நகராட்சி அலுவலகத்தில் இருந்த உதவியாளர் "ஆறு மாதம் ஆகலாம்" என்றார். ஆறு மாதம் போனது. ஒரு வருடம் போனது. கேட்டால் "பரிசீலனையில் இருக்கிறது" என்று ஒரே பதில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று நான் கத்துவேன். சும்மா வாய்க்கு வந்த பழமொழிதான். பின்னால் பார்த்தால் அதுதான் நடந்திருக்கிறது. தமிழரின் விண்ணப்பங்களை எடுக்கவேண்டாம், அடியில் வையுங்கள் என்று மேலே இருந்து அமைச்சரே சொல்லியிருக்கிறார். சட்டம் அலுமாரியில் இருந்தது. எங்கள் ஆட்களின் பெண்சாதி பிள்ளைகள் குண்டுக்குள் இருந்தார்கள்.

அந்த நாட்களில்தான் நீக்கிலாஸ் அண்ணை உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தில் சேர்ந்தார். டேனிஷ் படிப்பிக்க வந்த இங்கலீஸ என்ற ஓய்வுபெற்ற ஆசிரியைதான் அதற்குச் செயலாளர். சனிக்கிழமைகளில் கிழவர்கள் கூடுவார்கள். முதலில் ஒரு பாட்டு, பிறகு கோப்பியும் கேக்கும், பிறகு ஒவ்வொருவராக எழும்பித் தங்கள் சிறுபிராயத்தைச் சொல்வார்கள். இந்த மூலையில் பாண் கடை இருந்தது, என் தாய் கையுறை தைத்தாள், என் தகப்பன் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போனார் என்று. வருட முடிவில் அதையெல்லாம் ஒரு மலராக அச்சடிப்பார்கள். நானும் ஒருநாள் கேக்குக்காகப் போனேன். மூடிப்போன பாண் கடையை நினைத்து ஒரு மனிதர் மூக்கைச் சிந்தினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கடை மூடினதுக்கு அழுகிறாங்கள் அண்ணை. எங்கட ஊரே மூடிக்கிடக்கு."

"சும்மா இரும் தம்பி. அவையின்ர ஊர் அவைக்கு. பிள்ளை நாளைக்கு இஞ்ச வந்து பள்ளிக்கூடம் போகேக்க ஒண்டும் தெரியாமல் முழிக்கக்கூடாது."

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கசெற் பதிவார். கேட்டதையெல்லாம் தமிழில் மகளுக்குச் சொல்வார். இந்த ஊரில் பதின்மூன்று பெருந்தெருக்கள் கூடுகின்றன. ஆற்றுக்கு மேலே நீலப் பாலம். அந்தக் காலத்தில் ராசாக்களே இங்கே தைத்த கையுறையைத்தான் போட்டார்கள். பரிசுத்த ஆவி வீடு என்று ஒரு பழைய செங்கல் வீடு, முன்னொரு காலத்தில் துறவிகள் இருந்தது, அதன் கூரையில் ஒரு நாரைக்கூடு. குளிர் அறையில் நின்று வேலை செய்து எனக்கு ஓயாத இருமல். அந்தக் கசெற்றுகளில் எல்லாம் என் இருமலும் இருக்கும். "பக்கத்தில நேசராஜா மாமா இருமுறார், பயப்பிடாதேங்கோ" என்று அதற்கும் விளக்கம் சொல்வார்.

நாரைக்கூட்டில் மட்டும் ஒரு பொய் சொன்னார். அந்தக் கூடு வெறுங்கூடு. இங்கலீஸ சின்னப் பிள்ளையாய் இருந்தபோது அதில் நாரைகள் வந்து குஞ்சு பொரித்தனவாம். அவள் அதைச் சொல்லும்போது கண் கலங்கும். பிறகு வயல்களின் ஈரமெல்லாம் வடித்து எடுத்தார்கள், தவளை இல்லை, நாரையும் இல்லை. நீக்கிலாஸ் அண்ணை அந்தக் கிழவியின் சிறுபிராயத்தை எடுத்து, நேற்றுப் பார்த்ததுபோலக் கசெற்றில் சொல்லிவிட்டார். அம்மா நாரை, அப்பா நாரை, குஞ்சு நாரை என்று.

"அது காலிக் கூடல்லோ அண்ணை?"

"வெறுங் கூட்டைச் சொல்லி என்ன செய்யிறது? பிள்ளை சந்தோசமா வரட்டும்."

கொழும்புக்குப் போகிறவர்களின் கையில் கசெற்றுகள் போகும். பேசாலையில் மேரிகிறேஸ் அதைப் பத்திரப்படுத்தினாள். பத்திரப்படுத்தியதோடு விட்டிருக்கலாம். அவள் ஞாயிறு மறைக்கல்வி படிப்பித்தவள். கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல் நன்மை வாங்குவதற்கு முன்னர் கேள்வியும் பதிலுமாய் ஞானோபதேசத்தைப் பாடமாக்குவார்களே, அதேபோல ரண்டர்ஸை ஒரு ஞானோபதேசமாக்கிவிட்டாள். அங்கிருந்து வந்த கசெற்றில் தாயின் கேள்வியையும் மகளின் பதிலையும் கேட்டு நான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

"ரண்டர்ஸ் பட்டினத்தில் எத்தனை பெருந்தெருக்கள் கூடும்?"

"ரண்டர்ஸ் பட்டினத்தில் பதின்மூன்று பெருந்தெருக்கள் கூடும்."

"பரிசுத்த ஆவி வீட்டின் கூரையில் என்ன உண்டு?"

"பரிசுத்த ஆவி வீட்டின் கூரையில் நாரைக்கூடு உண்டு. அதில் நாரை தன் குடும்பத்தோடு வசிக்கும்."

கோயிலில் செபம் சொல்கிற அதே இராகம். மூச்சு விடாமல், ஒரு சொல் பிசகாமல். நீக்கிலாஸ் அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அவருடைய மகளின் சின்ன வயது அப்படித்தான் வளர்ந்தது. பேசாலைக் கடற்கரையில் இருந்துகொண்டு, பார்த்தேயிராத ஒரு ஊரின் தெருக்களில் விளையாடியது.

பிறகு இங்கே பத்திரிகைகள் எழுதி, முறைப்பாடு போய், அடியில் வைத்ததை மேலே எடுங்கள் என்று உத்தரவு வந்தது. நீக்கிலாஸ் அண்ணையின் விண்ணப்பமும் மேலே வந்தது. தொண்ணூறாம் ஆண்டுத் தொடக்கத்தில் டென்மார்க் அதிகாரிகள் தாயையும் மகளையும் விசாரணைக்குக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். உண்மையான மனைவியா, உண்மையான பிள்ளையா என்று பார்க்கத்தான். தலைமன்னார் ரயிலில் வழிநெடுக மேரிகிறேஸ் மகளுக்குக் கேள்வி போட்டுக்கொண்டே போனாளாம். எங்கள் சனத்துக்குக் கேள்வி கேட்கிற இடமெல்லாம் சோதனை மண்டபம். பாடமாக்கி ஒப்புவித்தால் பாஸ். டென்மார்க்குக்குள் விடுவதற்கு டென்மார்க்கைப் பற்றித்தானே கேட்பார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள்.

தாயை ஒரு அறையிலும் ஒன்பது வயதுப் பிள்ளையை இன்னொரு அறையிலும் இருத்தினார்கள். மொழிபெயர்ப்பாளர் கேட்டது மிகச் சின்னக் கேள்வி. உங்கள் வீட்டைச் சுற்றி என்னென்ன இருக்கிறது, சொல்லுங்கோ பிள்ளை.

என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரிந்தது அடுத்து வந்த கசெற்றில். பெரிய ஆரவாரத்தோடு அஜந்தினி சொல்லியிருந்தாள்.

"அப்பா, நான் எல்லாம் பிழையில்லாமல் சொன்னனான். பதின்மூண்டு தெரு, நீலப் பாலம், வாள் வைச்சிருக்கிற ஆள், நாரை, எல்லாம். ஆர் சொல்லித்தந்தது எண்டு கேட்டவை. அம்மா எண்டனான். எவ்வளவு நாளா எண்டு கேட்டவை. ஒவ்வொரு நாளும் எண்டனான். அவையெல்லாம் ஆளையாள் பாத்தவை அப்பா!"

நீக்கிலாஸ் அண்ணை பெருமையோடு என்னைப் பார்த்தார். நான் றெக்கோடரை நிறுத்தினேன்.

"அண்ணை, அவங்கள் பேசாலையைக் கேட்டிருக்கிறாங்கள். கிணறு எங்க, கோயில் எங்க, பக்கத்து வீட்டில ஆர் எண்டு கேட்டிருக்கிறாங்கள். இந்தப் பிள்ளை ரண்டர்ஸைச் சொல்லிப்போட்டு வந்திருக்கு!"

"அதில என்ன பிழை? உண்மையைத்தானே சொன்னவள்."

"உண்மையோ? ஆரோ ஒரு பிள்ளையைக் கூட்டியந்து சொல்லிக்குடுத்துக் கொண்டந்திருக்கினம் எண்டுதான் நினைப்பாங்கள்!"

அப்படியேதான் நினைத்தார்கள். சில வாரங்களில் பதில் வந்தது. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது, உறவுமுறை சந்தேகத்துக்குரியது, மேலதிக விசாரணை தேவை. நீக்கிலாஸ் அண்ணை சமையலறையில் நிலத்தில் குந்திவிட்டார். நான்தான் அவருக்கும் சேர்த்துத் திட்டினேன். அமைச்சரைத் திட்டினேன், விசாரித்தவனைத் திட்டினேன், இந்த மனிதனின் கசெற்றையும் திட்டினேன். அதற்கு மட்டும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். இன்றைக்கும் அந்தப் பார்வை எனக்கு மறக்கவில்லை.

இங்கலீஸ நல்ல மனுசி. கேள்விப்பட்டதும் சங்கத்தின் பெயரில் அதிகாரிகளுக்கு நீளமாக எழுதிப்போட்டாள். இந்த மனிதர் எங்கள் சங்கத்தில் கேட்டதைத்தான் மகளுக்கு ஒலிப்பதிவு செய்து அனுப்பினார், அதற்கு நாங்கள் சாட்சி என்று. அந்த எழுத்தை வாசிக்கவே அவர்களுக்கு மாதக்கணக்கானது. அதற்குள் ஜூன் மாதம் திரும்பவும் சண்டை தொடங்கியது. தலைமன்னார் ரயில் நின்றது. பேசாலைச் சனம் கடலால் இந்தியாவுக்கும் காட்டுவழியால் மடுவுக்கும் ஓடியது. மேரிகிறேஸும் அஜந்தினியும் மேரிகிறேஸின் தமக்கை யோகம்மாவோடு மடு மாதா கோயில் வளவில் தரப்பாள் கூடாரத்தில் இருந்தார்கள். ஊரைவிட்டு வந்து குடும்பமாக அலையும்போது யாருக்கும் கோபம் வரும். யோகம்மாவுக்கு அது பிள்ளையின் மேல் வந்தது.

"நீ அண்டைக்கு வாயை ஒழுங்காத் துறந்திருந்தா இப்ப தாயும் மகளும் டென்மார்க்கில இருந்திருப்பியள்."

மாரி மழையோடு முகாமுக்குள் மலேரியா புகுந்தது. சோதனைச்சாவடி தாண்டி மருந்து வரவில்லை. மேரிகிறேஸுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறியது. கடைசியில் அவள் யாரையும் அடையாளம் காணவில்லையாம், ஆனால் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாளாம். எத்தனை தெருக்கள் கூடும், கூரையில் என்ன உண்டு என்று. அஜந்தினி பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாளாம். இதை யோகம்மாவே பிறகு அழுது அழுது ரெலிபோனில் சொன்னாள்.

மேரிகிறேஸ் செத்த செய்தி வந்த அன்று நீக்கிலாஸ் அண்ணையின் றெக்கோடருக்குள் பாதி பதிந்த கசெற் ஒன்று கிடந்தது. அவர் அதை வெளியே எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைத் தொடவும் இல்லை. தை மாதம் அனுமதி வந்தது. மேரிகிறேஸ், அஜந்தினி இரண்டு பேரும் வரலாம் என்று இரண்டு பெயரும் போட்டு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே. இது அதைவிடக் கேவலம்.

வசந்தத்தில் அஜந்தினி வந்தாள். நானும் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். மெலிந்த, நெடிய பிள்ளை. தகப்பன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அவள் வரவில்லை. எனக்கு அந்த நேரம் பார்த்து இருமல். சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள்தானே இருமுற மாமா?"

"ஓம் பிள்ளை, நான்தான்."

வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீக்கிலாஸ் அண்ணை விரித்த கையை மெல்ல இறக்கி, அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். ரண்டர்ஸில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அவர் ஒவ்வொன்றாய்க் காட்டினார். அங்க பாருங்கோ பிள்ளை, ஆறு. அங்க பாருங்கோ, பாலம். அவள் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

பள்ளிக்கூடத்தில் டேனிஷைக் கிடுகிடுவென்று பிடித்தாள். தகப்பன் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் வரும். ஓம், இல்லை, தெரியாது. அவ்வளவுதான். என்னோடு மட்டும் தமிழில் கதைப்பாள். வேலைக்குப் போகும் வழியில் அவர் ஒவ்வொரு நாளும் என்னைக் கேட்பார், நேற்று என்ன கதைச்சவள், என்னைப் பற்றி ஏதும் கேட்டவளோ என்று. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றும் கேட்கவில்லை என்பேன். "கேப்பாள்" என்பார். ஊரைக் காட்டினால் ஒருநாள் மனம் இரங்குவாள் என்று அந்த மனிதன் நம்பிக்கொண்டிருந்தார். பரிசுத்த ஆவி வீட்டுப் பக்கம் மட்டும் அவர் அவளைக் கூட்டிப்போகவே இல்லை.

தொண்ணூற்று மூன்று தை மாதம் விசாரணை அறிக்கை வெளியானது. சட்டத்தை மீறித்தான் தமிழர்களின் குடும்பங்களைத் தடுத்திருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. பிரதமர் பதவி விலகினார், அரசாங்கம் விழுந்தது. தொழிற்சாலையில் எங்களோடு கதைக்காதவனெல்லாம் வந்து முதுகில் தட்டினான். "இப்ப சந்தோசமா?" என்று ஒருவன் கேட்டான். என் கையில் எலும்பெடுக்கிற கத்தி இருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு மலகூடத்துக்குப் போய்விட்டேன்.

அந்தக் கிழமை இங்கலீஸ வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமைக் கூட்டத்தில் இந்த முறை புதிதாய் வந்த பிள்ளைகளின் நினைவுகளையும் சேர்க்கப்போகிறோம், அஜந்தினியும் பேசவேண்டும், மலரில் போடுவோம் என்றாள். அவள் மனதில் கள்ளம் இல்லை. இரண்டு வருடமாய் அந்தப் பிள்ளைக்குத் தன் ஊரைக் காட்ட ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவள். அஜந்தினி மாட்டேன் என்று சொல்லவில்லை. நீக்கிலாஸ் அண்ணை கோட் சூட்டை ஸ்திரி போட்டார். "அவள் பாடமாக்கினதை ஒருக்கா அவளின்ர வாயால கேட்டாப் போதும் தம்பி" என்றார்.

மேசையில் சின்னச் சின்ன டேனிஷ் கொடிகள். பாட்டு முடிந்து கோப்பி ஊற்றினார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் ஒருவனும் வந்திருந்தான். இங்கலீஸ எழும்பி, இந்தப் பிள்ளைக்கு நம் ஊரைப் பார்க்கும் முன்பே நம் ஊர் மனப்பாடம் என்று சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். "சொல்லு அஜந்தினி, எங்கள் ஊரைப் பற்றி உனக்கு என்னென்ன தெரியும்?"

அவள் எழுந்து நின்றாள். தகப்பனின் உதடு முதல் கேள்வியைத் தானாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒன்றும் தெரியாது" என்றாள் டேனிஷில்.

கிழவர்கள் அன்பாகச் சிரித்தார்கள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தார்கள். இங்கலீஸ குனிந்து, தெருக்களைச் சொல்லு, எத்தனை தெருக்கள் என்று எடுத்துக்கொடுத்தாள். அஜந்தினி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"போனமுறை இவைக்கு எல்லாம் வடிவாச் சொன்னனான் மாமா. அதாலதான் அம்மா செத்தவ."

என்ன சொல்கிறாள் என்று இங்கலீஸ என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் மேசையில் இருந்த கொடிகளைப் பார்த்தேன். நீக்கிலாஸ் அண்ணைதான் எழுந்தார். அந்தச் சங்கத்தில் கேக்கும் கோப்பியுமாய் அவர்களிடமே படித்த டேனிஷில், மகள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இங்கலீஸ முகத்தைப் பொத்திக்கொண்டாள். மேசையின் கோடியில் இருந்த பொருளாளர் தொண்டையைச் செருமினார். மிகவும் துக்கமான விஷயம், ஆனால் அது இந்த ஊரின் நினைவாகாது, மலர் உள்ளூர் வரலாற்றுக்கானது என்றார்.

"இது உங்கட ஊரின்ர வரலாறு இல்லையெண்டா வேற எந்த நாயின்ர ஊரின்ர வரலாறு!" என்று நான் தமிழிலேயே கத்தினேன். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

வெளியே நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. குறுக்கால் போனால் வீடு கிட்ட என்று நான் முன்னால் நடந்தேன். அந்தக் கோபத்தில் எந்தத் தெருவால் போகிறோம் என்று நான் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அஜந்தினி நின்றுவிட்டாள். பரிசுத்த ஆவி வீட்டுக்கு முன்னால் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டுச் சுள்ளிகளின் மேல் பனி கிடந்தது.

"நாரை இல்லை" என்றாள். தமிழில். தகப்பனைப் பார்த்து.

நீக்கிலாஸ் அண்ணை அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "ஓம் பிள்ளை."

"மாரி எண்டபடியாலோ?"

அவர் ஓம் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"இல்லைப் பிள்ளை. நான் வாறதுக்கு முதலே இல்லை. எப்பவோ இல்லை."

அவள் திரும்பவும் கூட்டைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"கடைசியாயும் அம்மா அதைத்தான் கேட்டவ. இருக்கெண்டு சொன்னனான்."